கிளிக்கு முன்னால் வந்தது

கூண்டுக்குள் கொய்யாக்கிளை ஆடிக்கொண்டிருந்தது. கிளி இன்னும் வரவில்லை.

ஜெபசீலி தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கமிருந்து வந்த மழை ஓட்டுக்கூரைமேல் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்க, ஈரச்சுவரும் மெஷின் எண்ணெயும் கலந்து மணத்த அந்தக் கூடத்தில், யாரோ இப்போதுதான் உட்கார்ந்து எழுந்து போனதுபோல் கிளை முன்னும் பின்னும் ஆடி, மெல்லத் தணிந்து, நின்றது.

"எலியா இருக்கும்," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மெஷினை மிதித்தாள்.

கிளியைக் கேட்டு வாங்கியது அவளேதான். மத்திகிரியில் இருந்த துரைசானிக்குப் பல வருடமாகக் கவுன் தைத்துக் கொடுத்தவள் அவள். துரைசானி ஆஸ்திரேலியாவுக்குப் போகிறாள். காக்கையைவிடப் பெரிய, சாம்பல் உடம்பும் சிவப்பு வாலுமாக இருந்த தன் கிளியைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று அவள் அழுதபோது, "எனக்குக் குடுங்கம்மா" என்று ஜெபசீலி கேட்டுவிட்டாள். ஓசூரில் சொல்லி இடுப்புயரத்துக்கு இரும்புக் கூண்டு அடித்து வாங்கினாள். உட்காரக் கொய்யாக்கிளை வெட்டிப் பொருத்தினாள்.

"ஒரு வார்த்தை பிடிக்கணும்னா தினம் ஒரே நேரம், ஒரே குரல்ல சொல்லணும்," என்றாள் துரைசானி. "இப்பவே உன் குரலைப் பழக்கு."

எந்த வார்த்தை என்பதில் ஜெபசீலிக்குச் சந்தேகமே இல்லை. கணவர் யேசுராஜை அடக்கம் செய்த நாளிலிருந்து அவருடைய அண்ணன் சகாயநாதன் அடிக்கடி வந்து போய்க்கொண்டிருந்தார்.

"தனிப் பொம்பளைக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய வூடு? சாவியக் குடுத்துட்டு எங்க கூட வந்துரு."

"நான் ஏன் மாமா தனியா இருக்கப் போறன்? கிளி வருது."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அடுத்த தடவை அவர் படியேறும்போது கிளி அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும்: இது என் வூடு.

தினமும் விளக்கு வைத்ததும் காலிக் கூண்டின் முன் நின்று அதையே சொன்னாள். "இது என் வூடு." கொஞ்சம் இடைவெளி. "இது என் வூடு." ஒரு நாள் அந்த இடைவெளியில் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கும் சத்தம் கேட்டது. கூண்டுக்குள்ளிருந்து. மறுநாள் ஈரமான ஒரு மூச்சு, அதன் நுனியில் "இ..." என்று ஏதோ. பேசக் கற்கும் குழந்தையின் சத்தம்போல் இருந்தாலும், அது குழந்தைக் குரல் இல்லை. நனைந்த இறகின் வாடை கூடத்தில் தங்கிப்போனது. ஜன்னல்களைத் திறந்து வைத்தாள், சாம்பிராணி போட்டாள், பைபிளை எடுத்துச் சங்கீதம் படித்தாள். வாடை போகவில்லை. அவளும் போகவில்லை. யாருக்காவது சொன்னால் அது சகாயநாதன் காதுக்குப் போகும், அவர் சாவிக்குக் கை நீட்டுவார். அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

கிளியை வாங்கிவர மத்திகிரிக்குப் போன அன்று காலையிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது, தூறலும் விடவில்லை. மடியில் மூங்கில் கூடை. உள்ளே வழி நெடுக "குட் மார்னிங், டார்லிங்" என்று சொல்லிக்கொண்டே வந்தது கிளி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு.

பஸ்ஸை விட்டிறங்கி அவள் தெருமுனை திரும்பியதும் கிளி பேச்சை நிறுத்தியது.

பக்கத்து வீட்டுச் சென்னம்மா முறத்தைத் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் பார்வை கூடையிலிருந்து ஜெபசீலியின் நனைந்த சேலைக்குப் போயிற்று.

"எங்கக்கா போயிருந்தீங்க?"

"மத்திகிரிக்கு. காலைல முதல் பஸ்சு."

"சும்மா சொல்லாதீங்க. மத்தியானம் கதவத் தட்டுனன். 'அப்புறமா வா சென்னம்மா, வேல இருக்குது'ன்னு உள்ளருந்து சொன்னீங்களே."

இரண்டு பேரும் பூட்டைப் பார்த்தார்கள். பூட்டு பூட்டியபடியே தொங்கியது.

"பேடாக்கா," சென்னம்மா அவள் கையைப் பிடித்தாள். "வேணாம். ராத்திரிக்கு எங்க வூட்டுல படுத்துக்கோங்க."

"இன்னிக்கு வெளிய படுத்தா நாளைக்கு உள்ள வர முடியாது சென்னம்மா."

கதவைத் திறந்தாள். லாந்தரை ஏற்றினாள். கூடை மூடியைத் திறந்ததும் கிளி அவள் கைவழியே ஏறி, கழுத்துக்குழிக்குள் தலையைப் புதைத்து நடுங்கியது. கூண்டின் கொக்கி போட்டபடி இருந்தது. உள்ளே கொய்யாக்கிளை நடுவில் வளைந்து தொங்கியது. கனமான ஒன்று அதன்மேல் உட்கார்ந்திருப்பதுபோல்.

"இது என் வூடு."

அவளுடைய குரல். கடைசி எழுத்தை அவள் இழுக்கும் அதே இழுப்பு.

"இல்ல." ஜெபசீலி கூண்டுக்கு நேராகப் போனாள். "இது என் வூடு. நீ வெளிய போ."

யேசுராஜின் பழைய போர்வையை எடுத்துக் கூண்டை மூடினாள். நாற்காலியை அதன் முன்னால் இழுத்துப் போட்டாள். கிளியை மடியில் வைத்து முந்தானையால் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எவ்ளோ வேணாலும் பேசு. எனக்கும் வாய் இருக்குது."

மழை நின்றது. ஓட்டில் சொட்டுச் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

போர்வைக்குள்ளிருந்து மெதுவாக:

"பயமா இருக்குது."

அந்த வார்த்தையை அவள் அந்தக் கூண்டின் முன் சொன்னதில்லை. எங்கேயும் சொன்னதில்லை. யேசுராஜின் குழியருகில் நின்றபோதுகூட. மனசுக்குள் மட்டும். இப்போது. இந்த நிமிஷம்.

கிளியின் நகம் தொடையில் இறங்கியது. அவள் எழவில்லை. கதவு பின்னால் திறந்தே இருந்தது. திரும்பவில்லை.

போர்வை உள்ளே இழுபட்டது. உப்பியது. மறுபடி இழுபட்டது. துணியில் ஒரு குழி விழுந்தது. குழியைச் சுற்றி இரண்டு உதடுகள். மேலே ஒரு மூக்கு. அது அவளுடைய மூக்கு.

நான் போக மாட்டன் என்று சொல்ல ஜெபசீலி மூச்சை இழுத்தாள்.

அவள் வாய் திறக்கும் முன்பே துணியில் அந்த வாய் திறந்தது.