உறுதியான தொகுதி

புதிய எல்லைகள் அமலுக்கு வந்த அன்று, புதுத்துறை மீன் அங்காடியில் நண்டு விற்கிற வரிசை ஒன்பதாம் தொகுதிக்கும், எதிரே இறால் விற்கிற வரிசை பதினேழாம் தொகுதிக்கும் போயிருந்தது. நடுவில் ஓடும் சாக்கடைதான் எல்லை. யாரும் ஆச்சரியப்படவில்லை. தென்கரை மாநிலத்தில் தேர்தலுக்குத் தேர்தல் கோடுகள் இடம் மாறுவது பழகிப்போன விஷயம். கோடு எங்கே போகிறது என்று மட்டும் கேட்பார்கள். ஏன் அப்படிப் போகிறது என்று கேட்பதை ஜனங்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

ஏன் என்று தெரிந்தவள் சண்முகவடிவு. நங்கூரக் கட்சியின் தலைமையகத்தில், மாடியில் ஒரு குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து அந்தக் கோடுகளைப் போடுகிறவளே அவள்தான். அதற்காக அவள் உருவாக்கிய எந்திரத்துக்கு வகிரி என்று பெயர். சீப்பு தலைமுடியை வகிர்வது போல அது வாக்காளர்களை வகிர்ந்து தரும். ஒருவன் எந்தக் கட்சிக் கூட்டத்துக்குப் போகிறான், எந்தக் கரை வேட்டி வாங்குகிறான், டீக்கடையில் எந்த வேட்பாளரைத் திட்டுகிறான், பிள்ளையின் கல்யாணத்துக்கு எந்தத் தலைவரைத் தலைமை தாங்கக் கூப்பிடுகிறான் என்று எல்லாவற்றையும் சேர்த்து, அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று சொல்லிவிடும். பிறகு எதிரியின் வாக்குகளில் ஒரு பகுதியை ஏழே தொகுதிகளில் மூட்டை கட்டிப் போடும். மீதியை முப்பத்து மூன்று தொகுதிகளில், எங்கேயும் பாதியைத் தொடாதபடி தூவிவிடும். தலைகளை எண்ணினால் விசிறிக் கட்சிக்காரர்கள்தான் மாநிலத்தில் அதிகம். ஆனாலும் பத்து வருஷமாகச் சட்டசபையில் நங்கூரக் கட்சியின் ஆட்சிதான். எல்லாம் வகிரியின் புண்ணியம்.

ஒரே ஒரு இடத்தில்தான் வகிரியின் ஜம்பம் பலிக்கவில்லை. கூட்டரசின் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை வாக்கு என்று உண்டு. தென்கரைக்கு நாற்பது. மாநிலம் முழுக்க யார் அதிக வாக்கு வாங்குகிறாரோ அவருக்கே நாற்பதும் போய்விடும். இந்த முறை விசிறிக் கட்சியின் குமுதவல்லி நிற்கப்போகிறார். அவர் அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நங்கூரக் கட்சித் தலைவர் திருமேனி சும்மா இருப்பாரா? தொகுதிக்கு ஒரு தேர்வாளர், அவர் கையில் ஒரு வாக்கு என்று சட்டத்தையே மாற்றிவிட்டார். ஒவ்வொரு தொகுதியின் குரலும் கேட்கட்டும் என்று சபையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டுக்குள் சட்டம் நிறைவேறியது. நாற்பதில் முப்பத்து மூன்று இனி அவர் பைக்குள்.

அந்தக் கையோடு வடிவுக்கும் ஒரு வாக்குக் கொடுத்தார். பதினேழாம் தொகுதியின் தேர்வாளர் வேட்பாளர் அவள்தான். அன்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எத்தனையோ பேரை ஜெயிக்க வைத்திருக்கிறாள்; ஒரு மாலைகூட அவள் கழுத்தில் விழுந்ததில்லை. ஒரே ஒரு தடவை தன் பெயரும் வாக்குச்சீட்டில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் வாழ்க்கையில் வேறு ஆசை மிச்சமில்லை.

இங்கேதான் தென்கரையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வீட்டில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் நங்கூரம், ஒருவர் விசிறி. சண்டையெல்லாம் கிடையாது. எந்தக் கட்சி வந்தாலும் ஒரு இடமாற்றலுக்கோ, ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கைக்கோ, போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லவோ வீட்டில் ஆள் வேண்டாமா? வடிவின் தம்பி அழகர் விசிறிக் கட்சியின் வட்டச் செயலாளர். எதிர்வீடுதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அக்கா வீட்டில். வகிரிக்கு ஆளை எண்ணத் தெரியும், குடும்பத்தை எண்ணத் தெரியாது. சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வடிவுக்கும் தோன்றவில்லை.

சட்டம் மாறிய அடுத்த வாரம் அழகர் நீலக்கரை வேட்டியில் சாப்பிட வந்தான். நங்கூரக் கட்சியின் கரை.

“இது என்னடா வேஷம்?”

“வேஷமில்லக்கா. நேத்து உங்க கட்சில சேந்துட்டேன். இனிமே எப்பவும் நீங்கதான்னு ஆகிப்போச்சு. தோக்குற கட்சில ஒருத்தன் உக்காந்திருந்து வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?”

வடிவுக்குச் சிரிப்பு வந்தது. தன் எந்திரத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு ஏது என்று நினைத்தாள். அவன் தட்டில் இன்னொரு துண்டு வஞ்சிரம் வைத்தாள்.

அழகர் மட்டுமில்லை. மாநிலம் பூராவும் தம்பிமார்களும் மைத்துனர்களும் நங்கூரக் கட்சி அலுவலகங்களில் வரிசை கட்டினார்கள். ஒரு நாள் குமுதவல்லியே குடையும் கையுமாக வந்து வரிசையில் நின்றார். திருமேனி தாமே இறங்கி வந்து, புகைப்படக்காரர்களைக் கூப்பிட்டு, உறுப்பினர் அட்டையை அவர் கையில் கொடுத்தார். எதிர்க்கட்சியையே விழுங்கிவிட்டோம் என்று தலைமையகத்தில் லட்டு கொடுத்தார்கள். வகிரியின் திரையில் நாற்பது தொகுதிகளும் நீலமாகிக்கொண்டே வந்தன. வடிவு அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள்.

நங்கூரக் கட்சிக்கு ஒரு பெருமை உண்டு. வேட்பாளரை உறுப்பினர்களே உட்கட்சித் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். அதுவரை அது வெறும் சடங்கு. நாலு பேர் வருவார்கள், தலைவர் சொன்ன பெயருக்குக் கை தூக்குவார்கள், பிரியாணி சாப்பிட்டுப் போவார்கள். இந்த முறையும் பழைய ஆட்கள் முக்கால்வாசிப் பேர் வரவில்லை. எப்படியும் நாம்தான் ஜெயிக்கப்போகிறோம், வெயிலில் எதற்கு நிற்க வேண்டும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். புதியவர்கள் கைக்குழந்தையோடும் மோர்ப் பாட்டிலோடும் வந்து நின்றார்கள். பதினேழாம் தொகுதியில் வடிவை எதிர்த்து அழகர் நின்றான். சாயங்காலத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது, அழகர்தான். ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் இதே கதைதான். கூட்டரசுத் தலைவர் பதவிக்கு நங்கூரச் சின்னத்தில் யார் நிற்பது என்பதையும் உறுப்பினர்கள் முடிவு செய்துவிட்டார்கள். குமுதவல்லி.

அழகர் இருட்டுவதற்குள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரத் தயங்கினான்.

“கோவமாக்கா?”

“உனக்குன்னு ஒரு கட்சி இருந்துச்சேடா. அதுல நின்னிருக்கலாமே.”

“நின்னேனேக்கா. பத்து வருஷம் நின்னேன். என் ஓட்டு எங்க விழுந்தாலும் வீணாப் போற மாதிரி நீதான கோடு போட்ட? ஓட்டுக்கு மதிப்பிருக்கிற இடம் எதுன்னு தேடி வந்தேன். அங்க நீ நிக்கிற. நான் வேற எங்கக்கா போவேன்?”

 தோற்றதைவிட அந்தக் கேள்விதான் வடிவுக்கு அதிகமாக வலித்தது. அவன் சாப்பிடாமலேயே திரும்பிப் போனான்.

புதிதாக வந்தவர்களைக் கூண்டோடு நீக்குங்கள் என்று திருமேனி குதித்தார். மாவட்டச் செயலாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தம்பியை வெளியே தள்ளினால் அண்ணன் சும்மா இருப்பானா, வீடு வீடாகக் கட்சி உடையும் என்று கையை விரித்துவிட்டார்கள். அவர்கள் வீட்டுத் தம்பிகளும் அந்த வரிசையில் நின்றவர்கள்தானே. பிறகு அவர்களும் மெல்ல மெல்ல அழகர்களின் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார ஆரம்பித்தார்கள். திருமேனியும் தலைமையகத்து ஆட்களும் மட்டும் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காமல், புது வேட்பாளர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் திருமேனி மாடியேறி வகிரி இருந்த அறைக்கே வந்தார். பெரிய தேர்தலுக்கு முன் இன்னொரு தடவை எல்லை மாற்றச் சட்டத்தில் இடமிருந்தது.

“வடிவு, நம்மாளு யாரு, உள்ள பூந்த எதிரி யாருன்னு உன் மிஷினுக்குத் தெரியாமலா போயிரும்? எதிரியப் பூரா பொறுக்கி ஒரே தொகுதில அடைச்சுரும்மா. அது போனாப் போகட்டும், மத்ததக் காப்பாத்திக்கலாம்.”

வடிவு கட்டளையைக் கொடுத்தாள். வகிரி அவள் சொல்லிக்கொடுத்த அடையாளங்களைத்தான் தேடியது. நங்கூரக் கட்சியின் கூட்டங்களுக்கு யார் போவதில்லை? நங்கூர வேட்பாளர்களை யார் திட்டுகிறார்கள்? நீலக்கரை வேட்டியை யார் உடுத்துவதில்லை? கல்யாணத்துக்குக் கட்சியின் தேர்வாளர்களைக் கூப்பிடாதவர்கள் யார்? கோடு மாநிலம் முழுக்க அலையும் என்று அவள் எதிர்பார்த்தாள். அது நகரத்தின் நடுவிலேயே நெளிந்து நெளிந்து ஒரு சின்ன வட்டத்தைப் போட்டு நின்றுவிட்டது. வடிவு படத்தைப் பெரிதாக்கிப் பெயர் பெயராகப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் பார்த்தாள்.

“என்னம்மா, புடிச்சிருச்சா?”

“புடிச்சிருச்சுங்கய்யா. எல்லாரையும் பதினேழாம் தொகுதிக்குள்ள கொண்டுவந்திருச்சு.”

“பேஷ். யார் யாரு?”

“நம்ம தலைமையகம் பூரா இருக்கு. உங்க தெரு இருக்கு. முதல் பேரு உங்களோடது, அடுத்தது என்னோடது.” வடிவு நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். “இந்த ஒரு தொகுதில நிச்சயமா நாமதான் ஜெயிப்போம்ங்கய்யா. நான் நிக்கட்டுமா?”