பத்து நிமிடப் பேச்சு

காலை ஏழு மணிக்குத் தண்ணீர் வரிசையில் நின்ற நாற்பது பேரும் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட யோசித்துப் பேசவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. நிலவின் வடக்குக் குவிமாடத்தில் குடியேறுகிற எல்லோருக்கும் முதல் நாளே இடது காதின் பின்னால் அரிசிமணி அளவில் ஒரு செவித்துணையைப் பொருத்திவிடுவார்கள். எதிரில் இருப்பவர் ஜப்பானியமோ போர்த்துகீசோ பேசினால் அது தமிழில் கேட்கும். அத்தோடு நிற்காது. நாம் அடுத்துச் சொல்ல வேண்டியதையும் நம் பாணியிலேயே மெல்லிய குரலில் எடுத்துக் கொடுக்கும். வாயால் திருப்பிச் சொன்னால் போதும். ஒரே மொழிக்காரர்களுக்கும் இந்த வசதி உண்டு. குவிமாடத்தில் இருபது ஆண்டுகளாகச் சண்டை என்று ஒன்று நடந்ததில்லை.

"மொகம் வாடிக் கெடக்கே, ஏட்டி. சரியா ஒறங்கலையா?" என்றாள் அமலி, தண்ணீர்க் கேனைக் காலால் நகர்த்தியபடி.

"தூங்கினேன்டி. நீ கேட்டதே போதும், தெம்பாயிடுச்சு" என்றாள் குமுதவல்லி.

இரண்டும் செவித்துணை தந்தவை. அது குமுதவல்லிக்குத் தெரியும். அமலி நிஜமாகவே தன் முகத்தைப் பார்த்தாளா என்பதுதான் தெரியாது. அமலி கீரைப் பண்ணையில் வேலை செய்பவள். ஆறு வருடமாக அறைத்தோழி. ஆறு வருடமும் இப்படித்தான் இதமாகப் பேசியிருக்கிறாள். அந்த இதம் யாருடையது என்ற சந்தேகம் குமுதவல்லியை வருடக் கணக்காக அரித்துக்கொண்டிருந்தது.

செவித்துணை இல்லாத இடம் நிலவில் ஒன்றே ஒன்றுதான்: பூமிக்குத் தெரியாத மறுபக்கத்தில் இருந்த வானொலி நோக்ககம். விண்வெளியின் மிக மெல்லிய அலைகளை அங்கே கேட்கிறார்கள். ஒரு செவித்துணையின் முணுமுணுப்பு போதும், அத்தனையையும் மூழ்கடித்துவிடும். அதனால் அங்கே பணியாற்றும் பன்னிரண்டு பேரும் சொந்த வாயால் பேசியாக வேண்டும். பெரும்பாலோர் ஜப்பானியர்கள். காற்றுக்குழாய்ப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருந்தது. குமுதவல்லிக்கு அந்த வேலை தெரியும். மொழி மட்டும் தெரிய வேண்டும். பத்து நிமிடம் துணையின்றி உரையாடிக் காட்ட வேண்டும். மூன்று வாய்ப்புகள் உண்டு. இரண்டில் தோற்றுவிட்டாள்.

ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்ததும் பண்டக அறைக்குப் போய், செவித்துணையை அணைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் படித்தாள். நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதினாள். 'புதிய சொற்கள்: நாற்பது. எழுத்துகள்: பன்னிரண்டு. பேச்சு: இல்லை.' மறுநாளும் அதே. தோல்விக்குக் காரணங்களை எண்ணிட்டு எழுதினாள். வினைச்சொற்களாக இருக்கலாம். மரியாதை வழக்காக இருக்கலாம். உச்சரிப்பாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் திருத்திய பிறகும் மனம் நிலைகொள்ளவில்லை. பேசிப் பழக ஆள் இல்லை. தரை துடைக்கும் பழைய எந்திரம் ஒன்றுக்கு மட்டும் ஜப்பானியக் குரல் இருந்தது. 'மன்னிக்கவும், வழி விடுங்கள்' என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது. குமுதவல்லி அதனிடம் பருவகாலங்களைப் பற்றிப் பேசினாள். அது மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வட்டமடித்தது.

மூன்றாம் தேர்வன்று அமலி கூட வந்தாள். செவித்துணை இல்லாதவர்கள் தனியே நடமாடக் கூடாது என்பது விதி. தேர்வாளர் மொரிஷிமா அம்மையாருக்கு அறுபது வயதிருக்கும். குமுதவல்லியின் காதுக்குப் பின்னால் ஒரு தடைவில்லையை ஒட்டினார். சரியாக ஒரு மணி நேரத்துக்குச் செவித்துணை ஊமையாகிவிடும்.

எங்கே பிறந்தாய், என்ன வேலை, எதற்காக மறுபக்கம் போக விரும்புகிறாய் என்று அம்மையார் ஜப்பானிய மொழியில் கேட்டார். குமுதவல்லி ஒரு பிழையும் இல்லாமல் பதில் சொன்னாள். பிறகு அம்மையார் கேட்பதை நிறுத்திவிட்டு, புன்னகையோடு காத்திருந்தார்.

இந்த இடத்தில்தான் முந்தைய இரண்டு முறையும் சறுக்கினாள். மழைக்கு மட்டும் பதினேழு சொற்கள் தெரியும். ஆனால் நிலவில் மழை இல்லை. மேசை மரத்தாலானது என்றாள். அம்மையார் தலையசைத்தார். கதவு வெள்ளை நிறம் என்றாள். அதற்கும் தலையசைத்தார். அதன்பின் அறையில் காற்றாடி ஓடும் சத்தம் மட்டுமே கேட்டது.

"உங்கள் ஜப்பானியத்தில் ஒரு குறையும் இல்லை" என்றார் அம்மையார் கடைசியில். "இந்த ஆண்டு ஒரு புதிய விதி வந்திருக்கிறது. தாய்மொழியிலும் பேசவைத்து ஒப்பிட வேண்டும். வெளியே இருக்கும் தோழியைக் கூப்பிடுங்கள்."

குமுதவல்லிக்கு உயிர் திரும்பி வந்தது. தமிழில்தானே! அமலி காதிலும் ஒரு வில்லை ஒட்டப்பட்டது; இரண்டும் ஒரே நேரத்தில் தீரும்படி அம்மையார் நேரம் வைத்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அம்மையார் கடிகாரத்தைத் தட்டினார்.

"சாப்ட்டியா?" என்றாள் குமுதவல்லி.

"ம். நீ?"

"ம்."

"வேல எப்படிப் போவுது?"

"அப்படியேதான் போவுது."

"அப்பறம்?"

"அப்பறம்... நீதான் சொல்லணும்."

"நான் என்னத்தச் சொல்ல? நீ சொல்லு."

"ஒண்ணும் இல்லயே."

அவ்வளவுதான். அமலி தன் நகத்தைப் பார்த்தாள். குமுதவல்லி அமலியின் நகத்தைப் பார்த்தாள். மீதி நேரம் முழுவதும் காற்றாடி ஓடியது.

அம்மையார் தாளில் கூட்டிக் கழித்தார். ஜப்பானியத்தில் மூன்று நிமிடம் நாற்பது வினாடி. தமிழில் ஐம்பது வினாடி. பத்து நிமிடம் எட்டாவிட்டாலும், பிறமொழிப் பேச்சு தாய்மொழிப் பேச்சுக்குக் குறையாவிட்டால் போதும் என்பதே புதிய விதி. "வாழ்த்துகள்" என்று எழுந்து குனிந்து வணங்கினார். "இந்த அளவு வித்தியாசத்தில் இதுவரை யாரும் தேறியதில்லை. நாளை மறுநாள் காலை வண்டி. இரண்டு ஆண்டு ஒப்பந்தம்."

வெளியே தாழ்வாரத்தில் அமலி முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பாதி தூரம் போய்ச் சட்டென்று திரும்பினாள்.

"ஆறு வருசமா ஒரே ரூம்ல கெடக்கோம். ஏன் போறேன்னு ஒருநாளாச்சும் சொன்னியாட்டி?"

"நீ கேட்டியா?"

"நெதமும் கேட்டேனே!"

"அது கேட்டுச்சு. நீ கேக்கல."

"ஓ! தரை தொடைக்கிற மிசினுகிட்ட மணிக்கணக்கா ஜப்பான் பாச பேசுத. எங்கிட்ட ரெண்டு வார்த்த பேச ஒனக்கு வாய் வலிக்கி. பண்ணையில பூரா கேட்டுச் சிரிக்காளுவ, தெரியுமா?"

"சிரிக்கட்டும். நீயும் சேந்துதான சிரிச்சிருப்ப!"

"சிரிச்சேன். பொறவு ரூமுக்கு வந்து அழுதேன். அது ஒனக்குத் தெரியுமா?"

எதிரே வந்த இருவர் சுவரோரமாக ஒதுங்கினார்கள். குவிமாடத்தில் யாரும் குரலை உயர்த்திக் கேட்டதில்லை. ஆனால் வார்த்தைகள் தாமாக வந்துகொண்டிருந்தன. கீரைக்கட்டில் ஆரம்பித்து, போர்வை, கேட்காமல் எடுத்த சீப்பு, மூன்று வருடத்துக்கு முன் மறந்த பிறந்தநாள் என்று அரை மணி நேரம் இருவரும் மூச்சுவிடாமல் பேசினார்கள்.

"எதுக்குட்டி ஓடுத? அதச் சொல்லு மொதல்ல" என்றாள் அமலி, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"பயம்டி" என்றாள் குமுதவல்லி. "உனக்கு என்னை நெஜமாவே புடிக்குமா, இல்ல அது சொல்லிக் குடுக்குதான்னு எனக்குத் தெரியல. வருஷக் கணக்கா தெரியல."

அமலி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "கூறுகெட்டவளே, அதுக்கு நான்..."

ஒரு மணி நேரம் முடிந்தது. இருவர் காதிலும் மெல்லிய இரைச்சல் எழுந்து அடங்கியது. பிறகு அந்தப் பழகிய குரல், அவரவர் பாணியில், ஒரே நேரத்தில் அடுத்த வார்த்தைகளை எடுத்துக் கொடுத்தது.

இருவரும் அதைத் திருப்பிச் சொல்லாமல் இருந்திருக்கலாம். செவித்துணை யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை.

"ரெண்டு பேரும் அசந்து போயிருக்கோம். அப்பறமாப் பேசிக்கிடுவோம்ட்டி" என்றாள் அமலி.

"ஆமாண்டி. அப்பறம் பேசிக்கலாம்" என்றாள் குமுதவல்லி.

இருவரும் இதமாகச் சிரித்தார்கள். கைகள் பிரிந்தன. அமலி ஒரு புறமும் குமுதவல்லி மறுபுறமும் விரைந்து நடந்தார்கள். இருவரும் போக வேண்டியிருந்தது ஒரே அறைக்குத்தான்.