மூன்றாவது டேக்

"மூணாவதைத்தானே அனுப்பினீங்க?" சமையலறையிலிருந்து அவள் கேட்டாள்.

"மூணாவதேதான், ஹீரோயினம்மா." கணவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். "வேணும்னா சத்தியம் பண்ணட்டுமா?"

"அதெல்லாம் வேணாம். மதியம் சீக்கிரம் வந்து சேருங்க. புது சீன் வந்திருக்கு."

"நீ முதல்ல மனப்பாடம் பண்ணு தாயே," என்று சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு மணிக்குத் தொலைபேசி வந்தது. ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கருவிப் பெட்டியின்மேல் சற்று உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லையாம்.

காலையில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, மதியத்துக்குமேல் நடிப்பு என்று நான்கு வருடங்களாக ஓட்டிக்கொண்டிருந்தாள் அவள். கடையை விட்டுவிட்டு முழுநேர நடிகையாக வேண்டும் என்பது அவள் ஆசை. அவளைவிட அவர்தான் அதிகம் ஆசைப்படுகிறார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நடிகர்களைத் தேர்வு செய்யும் அலுவலகத்திலிருந்து வசனம் வரும். மூன்று மணிக்கு அவர் ஜன்னலில் கனமான போர்வையை மாட்டி அறையை இருட்டாக்குவார். ஒரே ஒரு விளக்கு. தன் போனை ஸ்டாண்டில் பொருத்தி, அதை ஒட்டி நின்று எதிர் வசனத்தைப் படிப்பார். வில்லன், டாக்டர், மாமியார் எல்லாருக்கும் ஒரே குரல்தான். எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று லிஃப்டில் எழுதியிருப்பதைப் படிப்பதுபோல் இருக்கும். அவள் சிரித்துச் சிரித்தே முதல் டேக் கெட்டுப்போகும். "சாரி, மறந்துட்டேன்," என்பாள் கேமராவைப் பார்த்து. இரண்டாவது சுமார். மூன்றாவதில் மட்டும் அவளுக்குள்ளிருந்து வேறு யாரோ எழுந்து வருவதுபோல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது அவர் பொறுப்பு.

நாற்பத்தொரு முறை அனுப்பியாயிற்று. ஒருவரும் கூப்பிடவில்லை. "அவங்களுக்குக் கொடுத்து வைக்கல, விடு," என்பார். "உன் புருஷன் தங்கம்டி," என்பாள் அக்கா.

அவர் இறந்து இரண்டு மாதம் கழித்துத் தன் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று அவள் அந்த அலுவலகத்துக்குப் போனாள்.

"அட, மறதி மேடமா?" என்ற தேர்வாளர் அம்மாள் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. இங்கே பசங்க வச்ச பேரு."

"எதுக்கு அந்தப் பேரு?"

அந்த அம்மாள் கணினியைத் திருப்பிக் காட்டினார். வரிசையாக நாற்பத்தொரு வீடியோக்கள். ஒன்றைத் தட்டினார். அவள் பாதி வசனத்தில் திணறி, பல்லைக் காட்டி, "சாரி, மறந்துட்டேன்," என்றாள். இன்னொன்று. அதுவும் முதல் டேக். இன்னொன்று.

"ஏம்மா, இதையெல்லாம் பார்த்துட்டுத்தான் அனுப்புறீங்களா?"

அவள் முகத்தைப் பார்த்து அந்த அம்மாளுக்கு மனசு இளகியிருக்க வேண்டும். நீண்ட தொடர் ஒன்று; இரண்டு வருடம், மாதம் இருபது நாள் வேலை. காணாமல்போன மகளைத் தேடிக் காவல் நிலையத்துக்கு வரும் தாய் வேடம் என்று வசனத்தைக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க. இதுதான் கடைசி, பார்த்துக்குங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர் போனை எடுத்தாள். உயிரோடு இருந்தவரை அதை அவள் நோண்டியதில்லை. படங்களுக்கு நடுவே ஒரு ஃபோல்டர். பெயர்: நல்லது.

உள்ளே நாற்பத்தொரு வீடியோக்கள். எல்லாம் மூன்றாவது டேக்.

உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அவளே அழுதுவிட்டாள். அந்த நடிப்பை உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் பார்த்திருக்கிறார். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டு, ராத்திரி பக்கத்தில் படுத்து, தலையை வருடிவிட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் போர்வையை மாட்டினாள். அதில் இன்னும் கிரீஸ் வாடை. அவர் போனையே ஸ்டாண்டில் பொருத்தினாள். இன்ஸ்பெக்டர் வசனத்தைப் படிக்க ஆள் இல்லை; அந்த இடங்களில் மனத்துக்குள் மூன்றுவரை எண்ணிக் காத்திருந்தாள். முதல் டேக்கில் வசனம் மறந்தது; அழித்தாள். இரண்டாவதையும் அழித்தாள்.

மூன்றாவதில், ஒன்று, இரண்டு என்று எண்ணும்போது, போனின் பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

படிக்கத் தொடங்குமுன் இழுக்கும் மூச்சு.

அவள் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு, கடைசிவரை போட்டுப் பார்த்து, தன் கையாலேயே அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் கூப்பிட்டார். "மறுபடியும் அதே 'சாரி, மறந்துட்டேன்'தானா? இன்ஸ்பெக்டர் வசனம் படிக்கிறவரையாவது மாத்துங்கம்மா. ஏதோ நோட்டீஸ் படிக்கிற மாதிரி இருக்கு."

"யார் படிக்கிறா?" என்றாள், மெதுவாக.

"உங்க வீட்டுல யாருன்னு என்னைக் கேட்டா?"

அவர் போனில் அந்த ஃபோல்டரைத் திறந்தாள். நாற்பத்திரண்டு.

அன்றே ஓடினாள். "மேடம், உங்க கண் முன்னாடி ஒரு தடவை. ஒரே ஒரு தடவை." அவள் நின்ற நிலையைப் பார்த்து மறுக்க முடியாமல், உதவியாளர்கள் இருவரைக் கூப்பிட்டு அந்த அம்மாள் கேமராவை ஓடவிட்டார். அவள் நடித்தாள். மகளின் செருப்பை மேசைமேல் வைக்கும் இடத்தில் உதவியாளர்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். ஒரு சொல்கூட மறக்கவில்லை.

"இவ்வளவு நாள் எங்கேம்மா இருந்தீங்க?" என்று கண்ணைத் துடைத்தபடி அந்த அம்மாள் பதிவைப் போட்டார்.

திரையில் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். பல்லைக் காட்டினாள். "சாரி, மறந்துட்டேன்."

மறுபடி போட்டார்கள். அதேதான்.

"நாங்க மூணு பேரும் பார்த்தோம், இல்லைங்கல," என்றார் அந்த அம்மாள் கடைசியில். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "ஆனா படம்னா பதிவாகணுமேம்மா. நீங்க… நீங்க கிளம்புங்க. இனிமே வராதீங்க."

வீட்டில் அவர் போன் காத்திருந்தது. நாற்பத்து மூன்று. புதியதில் தெரிந்தது அந்த அலுவலகம்தான். அவள் நடித்ததேதான், ஒரு சொல் பிசகாமல். ஆனால் அங்கிருந்த கேமரா எடுத்தது இல்லை. அதற்குப் பக்கத்தில், உயரமான ஒருவர் நின்று பார்க்கும் இடத்திலிருந்து எடுத்தது.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாமே," என்றாள் காலி அறையைப் பார்த்து. "போகாதேன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பேனே. ஏங்க?"

போர்வை லேசாக அசைந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது.

ஃபோல்டரை அழித்தாள். போனை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். போர்வையைத் தூக்கி எறிந்தாள். திங்கட்கிழமையிலிருந்து கண்ணாடிக் கடைக்கு முழுநேரமாகப் போகத் தொடங்கினாள். அதன்பிறகு ஒரு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தார். மகன் போனதிலிருந்து பாதியாக இளைத்திருந்தார். எதையோ கேட்க வந்து, கேட்காமல், தண்ணீர் குடித்தார்.

"உனக்கு அவன் ஏதும் குறை வைக்கலையேம்மா? உன் ஆசைக்குத் துணையா நின்னானில்லே?"

அந்தக் கண்களைப் பார்த்து வேறு என்ன சொல்ல?

"ஒரு குறையும் இல்ல, அத்தை. அவரை மாதிரி யாரும் எனக்காக நின்னதில்ல," என்றாள். சொல்ல வேண்டிய இடத்தில் குரல் உடைந்தது. கண்ணீர் ஒரு சொட்டு, கன்னத்தில் பாதி தூரம் வந்து நின்றது. மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். போகும்போது நடையே கொஞ்சம் இலேசாக இருந்தது.

கதவைச் சாத்தித் திரும்பினாள்.

அறை முழுக்கக் கிரீஸ் வாடை.

அலமாரியைத் திறந்தாள். ஒரு வருடம் அணைந்து கிடந்த போனில் வெளிச்சம் இருந்தது. அழித்த ஃபோல்டர் இருந்தது. உள்ளே நாற்பத்து நான்கு வீடியோக்கள்; கடைசியதில் மாமியாரின் எதிரே அவள். பெயர் மட்டும் மாறவில்லை.

நல்லது.