திராட்சை வாசனை

அந்த வீட்டில் திராட்சை வாங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அவள் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளேயிருந்து திராட்சை வாசனை வந்தது. பழக்கூடையை வெயிலில் மூடிவைத்து மறுநாள் திறந்தால் முகத்தில் வந்து அடிக்குமே, கனிந்து கொஞ்சம் கெட்டுப்போகத் தொடங்கிய அந்த இனிப்பு வாசனை. ஃபிரிட்ஜைத் திறந்தாள். பால் பாத்திரமும் பாதி எலுமிச்சம்பழமும் இருந்தன. குப்பைக்கூடையைக் கிளறினாள். அதில் டீத்தூள்தான்.

சுவருக்கு அந்தப் பக்கத்தில் கத்திரிக்கோல் 'கறுக்' என்றது. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு 'கறுக்'. வீட்டின் முன்னறைதான் அவள் கணவரின் மருந்துக்கடை. மாத்திரை அட்டையை வெட்டுகிற அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் கல்யாணமான நாளிலிருந்து சமைத்திருக்கிறாள், தூங்கியிருக்கிறாள், பிள்ளையைப் பெற்று வெளியூருக்கு அனுப்பியும் வைத்திருக்கிறாள்.

தெருவில் அவருக்கு 'ரெண்டு மாத்திரைக்காரர்' என்று பெயர். காய்ச்சலா, ரெண்டு. தொண்டையில் புண்ணா, ரெண்டு. பல் வீங்கியிருக்கிறதா, அதற்கும் ரெண்டு. டாக்டர் சீட்டு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, காகித உறையைப் பிரித்து, வெட்டிய துண்டை அதற்குள் போட்டு, "நாளைக்கே எழுந்து ஓடுவ, போ" என்று நீட்டுவார். அவர்களும் எழுந்து ஓடுவார்கள். கைராசி என்றால் அவர் கைதான் என்று தெருவே சொல்லும். அவள் ஒருத்திதான் சொல்ல மாட்டாள். அவள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதும் இல்லை.

அவளுக்கு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை. நோயாளியின் சீழையும் சளியையும் எடுத்து, உள்ளங்கை அகலத் தட்டில் பாகுபோல உறைந்திருக்கும் கிருமி உணவின் மேல் பூசுவாள். அதன்மேல் பொட்டு அளவு காகித வில்லைகளை வைப்பாள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும். இளஞ்சூட்டுப் பெட்டியில் ஓர் இரவு. காலையில் தட்டு முழுக்கக் கிருமி முளைத்திருக்கும். எந்த மருந்துக்கு அது அடங்குமோ, அந்த வில்லையைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். வட்டம் இருந்தால் நோயாளி பிழைப்பார். வட்டம் இல்லையென்றால், அடுத்த வில்லையைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கிருமிகளில் ஒன்றுக்கு ஆய்வகத்தில் 'பச்சைக்காரி' என்று பட்டப்பெயர். தட்டையே பாசி நிறமாக்கிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதை மோந்து பார்த்துச் சிரிப்பார்கள். அதற்குத் திராட்சை வாசனை.

தன் உடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தாள். முந்தானையை மோந்தாள். இல்லை. வாசனை படுக்கையறைப் பக்கம் போனது, அவளும் போனாள். கட்டிலுக்குக் கீழே, சுவரோரமாக, சுருட்டி எறிந்த அவருடைய காலுறை கிடந்தது. குதிகால் பக்கம் ஈரமாக, பச்சையாக இருந்தது.

அவள் நேராக முன்னறைக்குப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"காலக் காட்டுங்க."

"வந்துட்டா பூதக்கண்ணாடி! ஒண்ணுமில்லம்மா. புது ஷூ கடிச்சிருக்கு. மாத்திரை போட்டிருக்கேன்."

"எத்தனை?"

"வீங்கினா ரெண்டு போடுவேன். வடிஞ்சா விட்டுடுவேன். மறுபடி வீங்கினா வேற ஒண்ணு. கடையில இல்லாத மருந்தா?"

சர்க்கரை நோய் உள்ள கால், வலி தெரியாது. துணியை எடுத்தபோது குதிகாலில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்து, தன் காலைப் பார்க்காமலேயே சிரித்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"மருந்துக்கடைக்காரன் ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா ஜனங்க வாயால சிரிக்காது. அப்புறம் கடைய யாரு பாக்குறது, நீயா?"

அவர் வர மறுத்ததால், புண்ணில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்துக் குழாயில் போட்டு, அவளே எடுத்துக்கொண்டு போனாள். தட்டில் பூசினாள். ஆய்வகத்தில் இருந்த வில்லைகள் அத்தனையையும் வைத்தாள். பூட்டிய அலமாரியில், வேறு வழியே இல்லாதவர்களுக்கென்று எடுத்து வைத்திருந்த கடைசி மருந்தின் வில்லையையும், ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் கெஞ்சி வாங்கி, ஓரமாக வைத்தாள்.

மறுநாள் பெட்டியைத் திறந்தபோது இளஞ்சூட்டுக் காற்றோடு திராட்சை வாசனை வந்தது. தட்டு இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை பச்சையாக இருந்தது. வில்லைகள் அந்தப் பச்சைக்குள் பாதி புதைந்து கிடந்தன. அவற்றின் பெயர்கள் எல்லாம் அவளுக்குத் தெரிந்தவைதான். முன்னறை அலமாரியில் வரிசையாக நிற்பவை, கத்திரிக்கோலில் தினமும் அடிபடுபவை. ஒன்றைச் சுற்றியும் வட்டம் இல்லை.

யார் இந்தக் கிருமிக்குச் சொல்லிக்கொடுத்தது என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ரெண்டு மாத்திரையில் கிருமிகளில் சொங்கியானவை செத்துப்போகும். ஒன்றிரண்டு தாக்குப்பிடிக்கும். அப்போது பார்த்து மருந்தை நிறுத்தினால், காலியான இடம் முழுக்க அந்த ஒன்றிரண்டின் வாரிசுகள். அடுத்த முறை வேறு மருந்து, அதிலும் ரெண்டு. அதிலும் ஒன்று தப்பும். தப்பியது தான் கற்றதைப் பக்கத்தில் இருக்கும் அந்நியக் கிருமிக்கும் கொடுக்கும்; சாவியைப் பார்த்து இன்னொரு சாவி அடித்துக் கொடுப்பதுபோல. ஊரில் இருக்கிற பூட்டு ஒவ்வொன்றையும் கொஞ்சநேரம் பூட்டிக் காட்டி, திருடன் திறக்கப் பழகியதும் அடுத்த பூட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார் மனுஷன். அதற்குப் பெயர் கைராசி! அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

பிறகு தட்டைத் திருப்பினாள். ஓரத்தில் இருந்த கடைசி வில்லையைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது.

சிறியதுதான். அளந்தாள். நம்பாமல் மறுபடி அளந்தாள். அப்புறம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்று மாலை அவருக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டதால் ஆஸ்பத்திரியில் சேர்ப்பது சுலபமாயிற்று. கடைசி மருந்து சொட்டுச் சொட்டாக நரம்பில் இறங்கியது. "ரெண்டு வாரம் முழுசா ஏறணும். நல்லாயிட்ட மாதிரி தெரியும், நம்பிடாதீங்க" என்றார் டாக்டரம்மா. காய்ச்சல் இறங்கியது. புண் காய ஆரம்பித்தது. அவர் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு இருமலுக்கு யோசனை சொல்லத் தொடங்கினார்.

"பாத்தியா, என் கைராசி எனக்கே வேலை செய்யுது."

"பேசாம படுங்க."

பார்த்து முடித்த தட்டில் உள்ள கிருமியைக் கொன்று, தட்டை எறிந்துவிட வேண்டும். அதுதான் ஆய்வகத்து விதி. அவள் எறியவில்லை. பெட்டியின் பின்வரிசையில், மற்ற தட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். காலையில் கோட்டை மாட்டியதும் முதல் வேலையாக அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வட்டம் அப்படியே இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கும்.

ஒருநாள் வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தது.

மூடியில் தூசி என்று விரலால் துடைத்தாள். போகவில்லை. மூடியைத் தூக்கினாள். புள்ளி உள்ளே இருந்தது. தெளிந்த இடத்தின் நடுவில், வில்லையை ஒட்டி, ஊசிமுனை அளவில், பளபளவென்று. பழைய தட்டு, வில்லையில் மருந்து வீரியம் இழந்திருக்கும், பெட்டியிலேயே கிடந்தால் இப்படித்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே ஊசியால் அந்தப் புள்ளியைத் தொட்டு எடுத்து, புதுத் தட்டில் பூசி, புது வில்லை ஒன்றை வைத்துப் பெட்டியை மூடினாள். கதவின் ரப்பர் விளிம்பு, ஒரு வாய் மூடுவதுபோல, மெதுவாக ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலை முழுக்க அவள் அந்தப் பெட்டிப் பக்கமே போகவில்லை. மற்ற வேலைகளை எல்லாம் செய்தாள். கண்ணாடிக் குழாய்களைக் கழுவினாள், கழுவியதையே திரும்பக் கழுவினாள். பெட்டி மூலையில் நின்று தன்பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்தது. சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பிப்போய், நடைபாதையில் தள்ளுவண்டிச் சத்தமும் ஓய்ந்த பிறகுதான் அதன் முன்னால் போய் நின்றாள்.

கதவைத் திறக்கும் முன்பே வாசனை வந்தது.

திறந்தாள். எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

வட்டம் இல்லை.

பச்சை வில்லைவரை வந்திருந்தது. வில்லையின் விளிம்பில் ஏறியிருந்தது. வில்லையின் மேலும் இருந்தது.

தன் அறையில் இருந்த டாக்டரம்மா தட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேற மருந்து?" என்றாள் அவள்.

"இல்லம்மா. தட்டுல தப்பினது அவர் புண்ணுலயும் தப்பியிருக்கும்."

"கால எடுத்துட்டா?"

"ரத்தத்துல ஏறலைன்னா பாக்கலாம். முதல்ல அவரத் தனி அறைக்கு மாத்து. யாரும் தொடக் கூடாது. அவரும் யாரையும் தொடக் கூடாது. ஓடு."

ஓடினாள். படுக்கை காலியாக இருந்தது. மருந்துக் குழாய் கம்பியில் தொங்கி, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்து, கட்டில் காலைச் சுற்றி ஒரு சிறு குட்டை கட்டியிருந்தது.

"அவர் கெளம்பி ஒரு மணி நேரம் ஆச்சுக்கா" என்றாள் நர்ஸ். "எவ்வளவோ சொன்னோம். காய்ச்சல்தான் விட்டுப்போச்சே, இன்னும் எதுக்குன்னு குழாயப் பிடுங்கிப் போட்டுட்டுப் போயிட்டாரு."

தெருவுக்குள் திரும்பியபோது மின்சாரம் போயிருந்தது. வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் சுவர்கள் சாம்பல் நிறமாகத் தெரிந்தன. வீடுகளுக்குள் யார் யாரோ இருமினார்கள், இங்கே ஒன்று, அங்கே ஒன்று, ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல. எதிரே வந்தவர்களின் முகம் தெரியவில்லை. கைகளில் இருந்த சின்ன வெள்ளைக் காகித உறைகள்தான் தெரிந்தன. ஒருவர். இன்னொருவர். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. ஒவ்வொருவராக ஒவ்வொரு கதவுக்குள் போனார்கள்.

கறுக்.

அவள் வேகமாக நடந்தாள்.

கறுக். கறுக்.

கடை வாசலில் கூட்டம். உள்ளே மெழுகுவர்த்தி எரிந்தது. அவர் ஸ்டூலின்மேல் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டு அவிழ்ந்து தொங்கியது, அதன் பச்சை அந்த மங்கல் வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தது. "எங்கண்ணே போயிட்டீங்க, தெருவே தவிச்சுப் போச்சு" என்றது ஒரு குரல். அவர் சிரித்தார். அரித்ததோ என்னவோ, பேசிக்கொண்டே குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். அந்த விரலை நாக்கில் தொட்டார். உறையைப் பிரித்தார்.

"நிறுத்துங்க!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"தொடாதீங்க. யாரும் வாங்காதீங்க. போட்டுடுங்க, அத அப்படியே கீழ போட்டுடுங்க!"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் இருமலாயிற்று.

"ஏங்க்கா, மனுஷன் இப்பத்தான் பொழைச்சு வந்திருக்காரு. வந்ததும் வராததுமா சண்டையா?"

"அவ அப்படித்தான்" என்றார் அவர். நெற்றியில் வேர்வை மினுங்கியது. பற்கள் லேசாகத் தந்தியடித்தன. மறுபடியும் குளிர்க்காய்ச்சல். அவருக்கு அது தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. "என் கை பட்டா எல்லாம் சரியாயிடும். இந்தா, ரெண்டு. நாளைக்கே எழுந்து ஓடுவா உம் பொண்ணு."

அவள் கூட்டத்தைத் தள்ளினாள். தோள்கள் வழி விடவில்லை. கைகள் அவள் தலைக்குமேல் நீண்டன, வெறும் கைகளாகப் போய், வெள்ளை உறைகளோடு திரும்பின. முன்வரிசையில் ஒரு தாய் உறையை வாங்கி, பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணிடம் பிடிக்கக் கொடுத்தாள். காதில் பஞ்சு வைத்த பெண். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

பெண் உறையை இரண்டு கையாலும் பிடித்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மலர்ந்தது.

"அம்மா," என்றாள், "திராட்சை வாசனை!"

உறையின் ஈர ஓரத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.

கறுக்.