அருள்நேசனின் இடியன் துவக்கு

மீன்குழம்புச் சட்டியோடு ரூ பஜோல் தெருவில் நண்பன் வீட்டுக்கு மூன்று மாடி ஏறிய சிவமணிக்கு மூச்சு வாங்கியது. அன்று அருள்நேசனின் எட்டுச் செலவு. செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் எட்டாம் நாள் படைக்க வேண்டும். அவனுக்கு எது பிடிக்கும் என்று இந்த உயிர்ச் சிநேகிதனைவிட யாருக்குத் தெரியும்?

முன்னறையில் வாழையிலை விரித்திருந்தது. சோறு, கணவாய்ப் பொரியல், ஒரு கிளாஸ் விஸ்கி. அவற்றுக்குப் பக்கத்தில் அந்த இடியன் துவக்கும் வெடிமருந்துக் கொம்பும் கிடந்தன.

சிவமணி சட்டியைக் கீழே வைத்தான்.

"இதை ஏன் தங்கச்சி வைச்சனீர்?"

"அவர் கடைசி மட்டும் கேட்டது இதைத்தானே அண்ணை" என்றாள் அருள்நேசனின் மனைவி நிரஞ்சலா.

நூற்றைம்பது வருசத்துத் துவக்கு அது. குழலின் வாயால் மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். சிநேகிதர் இருவரும் ஒரு பழஞ்சாமான் சந்தையில் சேர்ந்து வாங்கியது. ஒருக்கா எண்டாலும் வெடி வைச்சுப் பாக்கோணும் என்பான் அருள்நேசன். வெடி வைத்தால் குழல் அரித்துப்போகும், அப்படியே பாதுகாக்க வேண்டும் என்பான் சிவமணி. புற்றுநோய் முற்றிய பிறகும் அருள்நேசன் கேட்டுக்கொண்டேயிருந்தான். சுடும் கழகம் நடத்தும் ரோமன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒழுங்குகூடச் செய்துவிட்டான். அப்போதுதான் சிவமணி அந்தப் பொய்யைச் சொன்னான்: குழலில் வெடிப்பு இருக்கிறது, சுட்டால் முகம் போய்விடும். துவக்கைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டிவைக்கும் ஆசை, வேறொன்றுமில்லை. சாகக் கிடந்தவனை ஏய்க்க அவனுக்கு வாய் கூசவேயில்லை.

அறைக்கதவைச் சாத்திவிட்டு இருவரும் குசினியில் அடுப்போரம் நின்றார்கள். செத்தவர் வந்து சாப்பிடும் நேரம். யாரும் உள்ளே போகக் கூடாது. தூரத்தில் மெற்றோ ஒன்று கடந்து போனது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

டொக்.

கதவுக்கு உள்ளேதான்.

டொக். டொக். குழலுக்குள் கம்பி இறங்கி இறங்கி இடித்தது.

"அண்ணை, கேக்குதோ?" நிரஞ்சலா குசுகுசுத்தாள்.

"ஓம்" என்று சிவமணியின் வாய் அசைந்தது.

கதவைத் திறந்ததும் ஆஸ்பத்திரி மருந்து வாடை முகத்தில் அடித்தது. சாப்பாடு வைத்தபடியே இருந்தது. கொம்பு மட்டும் சரிந்து கிடந்தது. சிவமணி கம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தான். வெறுங்குழல் என்றால் அது அடிவரை போகும்.

நாலு விரற்கடை வெளியே நின்றது.

"தங்கச்சி, குழலிலை வெடிப்பு ஒண்டும் இல்லை. நான் பொய் சொன்னனான்."

நிரஞ்சலா அழவில்லை. "அது அவருக்குத் தெரியும் அண்ணை. நீங்களாச் சொல்லுவியள் எண்டு கடைசி நாள் வரைக்கும் பாத்துக்கொண்டு கிடந்தவர்."

சிவமணி கம்பியை உருவி எடுத்தான்.

"கொண்டுபோய் வெடி வையுங்கோ" என்றாள். "இனியாவது."

ஞாயிறு பகல் கழகத்துக்குக் கொண்டுபோனான். ஒரு வெடி வைத்தால் அருள்நேசன் மனம் ஆறுவான் என்று வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆனால் யார் இடித்தது என்று தெரியாத துவக்கைச் சுட ரோமன் விடவில்லை. கம்பி நுனியில் திருகாணியைப் பூட்டி, உள்ளே இருந்ததைக் கிளறி, குழலை மேசைமேல் கவிழ்த்தான்.

மருந்து விழவில்லை. குண்டும் விழவில்லை.

பச்சரிசி கொட்டியது. ஈரமான பச்சரிசி.

ரோமன் ஒன்றும் விளங்காமல் விழித்தான். சிவமணிக்கு விளங்கியது. படையலில் இருந்தது வெந்த சோறு. இது பெட்டியை மூடமுன் இதே கையால் அவன் அருள்நேசனுக்குப் போட்ட வாய்க்கரிசி.

ஒரு மணிகூட ஏற்றுக்கொள்ளாமல், அத்தனையையும் திருப்பித் தந்திருந்தான்.