வேதசாட்சியின் பொடி

பழைய படச்சுருள் என்றால் காடி நாற்றம் அடிக்க வேண்டும். சினிமாக் காப்பகத்துச் சுருள்களை ஷுப்ரா பேட்டை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பித் துடைத்தே பிழைத்தவள் ஈரினி. அவள் மூக்குக்கு அது தெரியும். ஆனால் இன்று மத்தியானம் திறந்த தகர டப்பாவிலிருந்து கிராம்பும் சந்தனமும் குப்பென்று வந்தன. கோயில் வாசனை. அதன் அடியில் வேறொன்று, வெயிலில் வைத்த இறைச்சி போல.

டப்பாவில் இருந்தது ஐம்பத்தேழில் எடுத்த துப்பறியும் படம். மடத்திலிருந்து, மதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சியின் எலும்புகளை ஒருவன் திருடுகிறான். திருடனாக நடித்த நகீப் சித்ராக் கடைசி நாள் படப்பிடிப்பில் காணாமல் போனான். படம் பாதியில் நின்றது.

"அம்மா, பொடி!" உள்ளேயிருந்து மகள் வெரீனா கத்தினாள். ஆறு மாதமாகக் கால் விளங்காமல் கிடப்பவள், டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"ஏண்டி, பயறு வெச்சா மூஞ்சியத் திருப்புற. இதுக்கு மட்டும் நாக்கு நீளுதா?"

வேதசாட்சியின் திருநாளன்று எலும்புகளைச் சுற்றிய சிவப்புப் பட்டு உருளைமேல் வாசனைப்பொடி பூசுவார்கள். உதிர்வதை வீட்டுக்கு எடுத்துவந்து, நோயாளிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பார்கள். அதைக் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் வெரீனா எழுந்து உட்கார்ந்தாள். ஈரினி ஒரு கரண்டி கொடுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள்.

பூதக்கண்ணாடியின் கீழ் படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. காட்சி முடிந்து பலகை அடித்தாயிற்று. கேமராவை யாரும் நிறுத்தவில்லை. வேஷம் கலைத்த நாலு பேர் வந்தார்கள். கருமயிர் நெற்றியில் புரள நகீப் சிரித்தான். ஒருவன் சம்மட்டியை ஓங்கினான். பிறகு உடலை மடக்கினார்கள். மடங்காத இடங்களை உடைத்தார்கள். பொடியைக் கொட்டிக் கொட்டி, சிவப்புப் பட்டில் இறுக்கிச் சுற்றினார்கள். பட்டில் தைத்த சிலுவையின் ஒரு கை கோணலாக இருந்தது.

அந்தக் கோணலில்தான் அவள் வருஷாவருஷம் தன் கோயிலில் உதடு வைத்து முத்தமிட்டாள்.

சீ!

பாதிரியாருக்குப் போன் போட்டாள். "அபூனா, நம்ம எலும்புப் பேழைய சினிமாக்காரங்க வாங்கிட்டுப் போனாங்களா?"

"ஆமாம்மா, எங்க அப்பா காலத்துல. திரும்பி வந்தப்புறம்தான் வாசனையே கூடிச்சாம். அதான் அற்புதம்! புள்ள எப்படி இருக்கா?"

அவள் போனை வைத்துவிட்டாள். நான்கு மாதம். தினம் மூன்று கரண்டி. தன் கையால், வாயைத் துடைத்து, 'முழுங்குடா கண்ணு' என்று கொஞ்சி. இது இல்லாவிட்டால் பிள்ளை மறுபடி படுத்துவிடுவாள் என்பது தெரியும். தெரிந்தும் ஜாடியைச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்தாள். பொடி கரையவில்லை. சேறாகத் திரண்டு குழியை அடைத்தது. நாற்றம். அவள் குளியலறைக்கு ஓடி வாந்தியெடுத்தாள். மீண்டும் எடுத்தாள்.

வெளியே காலடிச் சத்தம்.

வீட்டில் நடக்கக்கூடியவர் வேறு யாரும் இல்லை.

ஈரினி சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். வெரீனா நின்றுகொண்டிருந்தாள். சொந்தக் காலில். தொட்டிக்குள் முகம் கவிழ்த்து நக்கிக்கொண்டிருந்தாள்.

"நடக்கறேம்மா, பாரேன்!"

திரும்பிச் சிரித்தாள். பல்லிடுக்கில் ஒரு கருமயிர் ஈரமாகத் தொங்கியது. அதை விரலில் சுற்றி இழுத்தாள். வந்தது. இன்னும் இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது.