இரண்டாவது கதவு

சாரங்கனின் கழுத்தில் கத்தி பதிந்திருந்தபோதுதான் போன் அடித்தது.

வெள்ளவத்தை. கடல் தெரியும் ஃப்ளாட். காலை வெயில்.

சோபாவில் சாரங்கன்... காய்ச்சலில் பாதியாகிப்போன புது மாப்பிள்ளை. மீன் வெட்டும் கத்தியோடு அவன் மேல் குனிந்து நின்றவன் ஜனா. சாரங்கனின் மனைவி சுபோதினிக்கு அண்ணன்.

காரணம், முதல்நாள் வந்த இரத்தப் பரிசோதனை முடிவு. சாரங்கனுக்கு எச்.ஐ.வி. எதிர்ப்புச் சக்தியோ தரைமட்டத்தில்!

ஜனா இன்டர்நெட்டில் தேடிப் பார்த்தான். எதிர்ப்புச் சக்தி இவ்வளவு தூரம் விழ எட்டுப் பத்து வருடமாகும் என்று போட்டிருந்தது. கலியாணம் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மிச்சத்தை அவனே முடிவு செய்துகொண்டான்.

"தெரிஞ்சுகொண்டுதானே என்ர தங்கச்சியக் கட்டினனீ?"

சாரங்கன் இல்லையென்று தலையாட்டவில்லை. ஆட்டினால் கத்தி இறங்கிவிடும்.

சுபோதினி அண்ணனின் கையை இழுத்துப் பார்த்தாள். தனக்குத் தொற்று இல்லை என்று கெஞ்சியும் பார்த்தாள். கை அசையவில்லை.

போன் விடாமல் அடித்தது. சாரங்கனைப் பார்க்கும் டொக்டர் நப்லா! எடுத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

இங்கே ஒரு கொலை நடக்கவிருப்பது தெரியாமல் டொக்டர் நிதானமாகப் பேசினார். கலியாணத்துக்குச் சற்று முன்பு சாரங்கன் இரத்ததானம் செய்திருக்கிறார். அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி இல்லை. ஆகவே தொற்று புதிது.

"அப்ப ஏன் டொக்டர் இவ்வளவு கெதியா எல்லாம் விழுந்தது?" என்றாள் சுபோதினி.

"செல்லுக்குள்ள போக இந்த வைரஸுக்கு ரெண்டு கதவு இருக்கு. புதுசா தொத்தினா பெரும்பாலும் முதலாவது கதவாலதான் போகும். அழிவு மெதுவாத்தான் நடக்கும். இவருக்கு வந்தது ரெண்டாவது கதவையும் திறக்கிற வகை. அதான் இந்த வேகம்."

கத்தி கொஞ்சம் விலகியது.

அந்த வகை, வைரஸைப் பல வருடம் சுமந்த உடம்பில்தான் அநேகமாக உருவாகும் என்றார் டொக்டர். அப்படி யாரோ ஒருவரின் இரத்தம் கலந்திருக்கலாம். கலியாண நேரத்தில் எங்காவது ஊசி போட்டாரா?

சாரங்கன் ஜனாவையே பார்த்தான்.

போட்டிருந்தான். கொட்டாஞ்சேனையில், ரொனி என்பவனின் சலூனில். மாப்பிள்ளையின் முகம் வெளுக்க நரம்பில் ஓர் ஊசி. கூட்டிப்போனதே ஜனாதான். ஊசியைக் கண்டதும் சாரங்கன் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். பிறகு...

"பயப்பிடாத எண்டு சொல்லி..." என்றான் ஜனா. "நான்தான் முதல் போட்டுக் காட்டினனான்."

கத்தி தரையில் விழுந்தது.

அன்று மத்தியானமே பொலிஸ் ரொனியை அள்ளிக்கொண்டு போனது. புது ஊசிதான் பாவித்ததாக அவன் சத்தியம் செய்தான்.

"ஆனா ஆளுக்கு ஒன்னு இல்ல சேர்... நாளுக்கு ஒன்னு."

ஜனாவின் இரத்தத்தையும் சோதித்தார்கள். இருந்தது. பல வருடமாக இருந்திருக்கிறது. சாரங்கனுக்குள் புகுந்த அதே வகை. தான் மெலிந்துகொண்டு வந்ததை ஜிம்முக்குப் போன பலன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருந்தான், பாவம்.

மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் இருவருமே நெடுங்காலம் வாழலாம் என்று டொக்டர் உறுதியாகச் சொன்னார். ஜனா தலை நிமிரவில்லை. கிளினிக்கின் நீள வாங்கில் சாரங்கனுக்கு எட்டப் போய் உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, முடியாமல் அழுதான்.

மின்விசிறி கடலைப்போல் இரைந்தது. சாரங்கன் மெல்ல எழும்பி வந்து பக்கத்தில் அமர்ந்தான்.

"விடு மச்சான். இவ்வளவு நாளும் நாங்கள் சம்பந்தம் செய்த சொந்தம்தானே... இனி இரத்த உறவு."